அழைப்பிதழில் முதல் பெயர்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் கணவருக்கு, இணையப் பக்கங்கள் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆசை. தென்காசி வீட்டில் இருந்தபடியே அந்த வேலை பார்ப்பவள் நான். கட்டின புருஷனுக்குப் பாடம் எடுக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அரே என்றால் வரிசையாக வைத்த பொருள்கள், முதல் பொருளின் எண் பூஜ்யம் என்றேன்.

"பரேடுல மொத ஆள சைபர்னு கூப்பிட்டா அடிக்க வருவாம்ட்டி" என்றார்.

நாத்தனார் கல்யாணத்துக்கு அழைப்பிதழ்ப் பக்கத்தை அவரே செய்தார். அழைப்பவர்களில் முதல் பெயர் அச்சன்புதூர் மாமாவுடையது. என் மாமியாரின் அண்ணன். வாய்க்கால் தகராறில் அவருக்கும் என் மாமனாருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் பெயரை முதலில் போட மாமனார் ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்யாணத்துக்கு வரச் சம்மதித்திருந்தார்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பழக இவருக்குத் தோன்றியிருக்கிறது. அவை இருந்த அரேக்கு இன்னொரு பெயர் வைத்தால் நகல் கிடைத்துவிடும் என்று நினைத்து, அதில் வரிசைப்படுத்தும் ஸார்ட் கட்டளையைப் போட்டார். ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருப்பது போலத்தான் அது. அரே ஒன்றுதான். அசலே கலைந்து, 'வே' என்று தொடங்கும் மாமாவின் பெயர் கடைசிக்குப் போனது. பார்க்காமலேயே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

மாமா வரமாட்டாராம் என்று சாயங்காலம் போன் வந்தது. மாமியார் அழ ஆரம்பித்தார்.

"மொதல்ல நகல் எடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா!" என்று கத்தினேன். அவர் உடனே பெயர்களைச் சரிசெய்துவிட்டு, அச்சன்புதூர் போக பைக்கை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். சாரல் முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டர் செய்த கோளாறு என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

மாமா வாசலிலேயே நிறுத்தினார்.

"நாந்தான் மாமா மாத்திட்டேன். இப்பந்தான் படிக்கேன், தப்பாப் போச்சு" என்றார் இவர்.

"ஒங்கப்பன் சொல்லிச் செஞ்சியோன்னுல்லா நெனச்சேன்."

இவர் போனை நீட்டினார். மாமா அதைப் பார்க்கவில்லை. "இத இப்பம் மாத்திருப்ப. மொதல்ல எப்படிலே இருந்துச்சு?"

என் கணவர் நிமிர்ந்து நின்று, மாமாவின் பெயரில் தொடங்கி எல்லாப் பெயர்களையும் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

கடைசிப் பெயர் வரை கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் உள்ள வந்து சாப்பிடுங்க" என்றார் மாமா. அவரும் எங்களோடு உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி அழுதாளோ?" என்று கேட்டார்.

"அழுதுட்டேதான் இருக்காவ மாமா."

பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, இடது கையால் போனை எடுத்தார்.