மாப்பிள்ளை மாறினால் கணக்குத் தப்பு

எண்பதுகளின் கடைசியில், நான் தாம்பரத்தில் ஏறும் காலை ரயிலில் ஒரு டீச்சரம்மா என் எதிரே உட்காருவார். ஒல்லியான உடம்பு, கட்டிப்போன தொண்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக்கொண்டே வருவார். கை சும்மா இருக்காது.

"எதுக்கு டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே ரூம்ல ரெண்டு கிளாஸ் சார். இதுக்குப் பாடம் எடுத்தா அது கத்துது. இனிமே நான் கத்தினா குரலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மணமகள் பெயர் ஒரு துண்டிலும் மணமகன் பெயர் மறு துண்டிலும் வரும்படி பத்திரிகையை வெட்டினார். வெற்றுப் பின்புறத்தில், ஒன்றில் கணக்கு, மற்றதில் விடை.

"பசங்களே ஜோடி சேர்த்துட்டுத் திருப்பிப் பார்த்துப்பாங்க. மாப்பிள்ளை மாறியிருந்தா கணக்குத் தப்பு. நான் வாயே திறக்க வேணாம்."

"முதல்லயே திருப்பிப் பார்த்துட்டா?"

"பார்க்கட்டுமே! அதுவரைக்கும் சத்தம் இருக்காதில்ல?"

பிள்ளைகளே, நான் எங்கள் கல்யாணப் பத்திரிகையையும் கொடுத்துவிட்டேன். உங்கள் அம்மா கொதித்துப்போனாள். "நம்ம ரெண்டு பேரையும் வெட்டிட்டாங்களா?"

எனக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் பத்திரிகையைத் திருப்பிக் கேட்டேன்.

"நீங்க ஏழெட்டு ஐம்பத்தாறு சார். அதான் யாருக்கும் வரமாட்டேங்குது. நாள் முழுக்க உங்க ரெண்டு பேரைத்தான் சேர்த்து வைக்கிறாங்க." வெறும் காற்றாக வந்தது குரல். பல்லாவரத்தில் ஓடி இறங்கிவிட்டார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

ஏழாம் வாய்ப்பாட்டில் அந்த இடம் வந்தால் அம்மா ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டீர்களே, இதனால்தான். அந்த டீச்சருக்குக் குரல் திரும்பியதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.