மூன்று கட்டங்களில் ஒரு பெயர்

யாராவது பென்டிரைவை நீட்டி, "வேற கடையில அடிச்சதுங்க, தெறக்க மாட்டேங்குது" என்றால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். மரக்காணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய தமிழ் எழுத்துருக்கள் புதுக் கம்ப்யூட்டரில் சரியாக உட்காராது என்பதால் பழையதையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் என்னென்ன கூத்து நடக்கும் என்பது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிர் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒருவர் எனக்கு அண்ணன் மாதிரி. அவர் மகள் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் சீனப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் சரி என்றார். பையனின் அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. அவருக்கு இவன் ஒரே பிள்ளை.

பெண் எனக்கு போன் செய்தாள். "சித்தப்பா, கல்யாணத்துக்கு வருவேன்னு அவங்க இன்னும் சொல்லல. முன்னாடி ஒரு தடவ வந்து வீட்ட மட்டும் பாத்துட்டுப் போறேன்றாங்க. அவங்களுக்குச் சீனம் மட்டுந்தான் படிக்கத் தெரியும். பத்திரிகைல அவங்க பேரு அவங்க எழுத்துலயே இருக்கணும். அப்பா மொத பத்திரிகைய அவங்களுக்குத்தான் தட்டுல வச்சுக் குடுப்பாரு."

அவள் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். தமிழெல்லாம் ஒழுங்காக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக்கு ஒன்றாக மூன்று காலிக் கட்டங்கள். என் கம்ப்யூட்டரில் சீன எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார், முழங்கால்வரை உப்புச் சேறு காய்ந்து வெளுத்திருக்க. திரையை உற்றுப் பார்த்தார்.

"இதான் சம்பந்தியம்மா பேரா? ஏம்பா, நம்ம பாத்தி கணக்கா இல்ல இருக்குது!"

முகமெல்லாம் சிரிப்பு. இது எழுத்தில்லை, என் கம்ப்யூட்டருக்கு வக்கில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் எழுத்துருப் பாடம் எடுப்பவன், எனக்கே ஒன்று திறக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "ஆமாங்கண்ணா" என்றேன். அவர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அந்த மூன்று கட்டங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் பெண்ணிடமே சீன எழுத்துருவைக் கேட்டு வாங்கிப் போட்டேன். பெயர் அழகாக வந்தது. உடனே பழக்கதோஷத்தில் மொத்தத்தையும் செலக்ட் செய்து என் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். திரும்பவும் மூன்று கட்டம்! என்னையே திட்டிக்கொண்டு அந்தப் பெயரை மட்டும் தனியாகப் பிடித்து மாற்றினேன். பெண் வாட்ஸ்அப்பில் பார்த்து சரி என்றாள். அண்ணன் உப்பு வாரும் மும்முரத்தில் கடைப்பக்கமே வரவில்லை.

அந்த அம்மா வரும் நாள் காலையில் பத்திரிகைக் கட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலைப் பார்த்ததும் அந்தத் துண்டுச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது.

வாசலில் கோலமாவால் மூன்று பெரிய கட்டங்கள். பாத்தி வரப்புக்குக் கயிறு பிடிப்பதுபோல் பிடித்து, கோணல் இல்லாமல் போட்டிருந்தார். ஆயுளில் கோலப்பொடியைத் தொட்டிராத மனுஷன்.

"பொம்பளைங்க போடறேன்னாங்க. நான் உடல. அவங்க பேரு, நான்தான் எழுதணும்னு சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். பின்னால் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, இறுக்கமான முகம். கட்டங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். பெண் புரியாமல் பார்த்தாள். "அவங்க பேரும்மா, சொல்லு" என்றார் அண்ணன் பெருமையாக. பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அவள் வேறு வழியில்லாமல் அது அம்மா பெயராம் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல, அவன் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா அண்ணனை ஒருமுறை பார்த்தார். கட்டங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஓரமாக இருந்த கொட்டாங்கச்சியிலிருந்து கோலமாவை அள்ளினார்.

முதல் கோடு சிந்திச் சிதறியது. இரண்டாவது கோட்டில் கை பழகிவிட்டது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், அவசரமே இல்லாமல் எழுதினார். அவர்கள் ஊரில் பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில்தான் எழுதப் பழகுவார்களாம், மாப்பிள்ளை சொன்னான். தன் பெயரை எழுதுவதற்காக அண்ணன் கட்டம் போட்டு வைத்திருக்கிறார் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார்.

மூன்றாவது கட்டம் நிறைந்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து மகனிடம் ஏதோ கேட்டார். அவன் பெண்ணிடம் சொன்னான். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு வரப்போ அவங்க செவப்பு கட்டிக்கலாமான்னு கேக்கறாங்க. அவங்க ஊர்ல கல்யாணத்துக்கு அதான் மங்களமான நெறம்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் உள்ளே போனபின் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். அந்தக் கட்டம் எழுத்தே இல்ல. என் கம்ப்யூட்டர்ல எழுத்து வரல."

அவர் வாசலைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட போப்பா. நாம பாத்திதான கட்டறோம். உப்ப நாமளா போடறோம்?"