உப்பில்லாச் சோறு

ஆண்டிமடத்தில் எங்கள் முந்திரிக்கொல்லைக்குப் போனால் சுருட்டு வாசனைதான் முதலில் வரும். அப்பா பிறகுதான் தெரிவார். கோபம் வந்தால் அவர் நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு முறுக்கிக்கொண்டு துடிக்கும். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று ஊர் மெச்சும். நான் அதைப் பார்த்தாலே ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் போய்விடுவேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பின்மண்டை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னதும் பயந்துபோய், வண்டி கட்டி அரியலூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர், என்னைத் தனியாக அழைத்தார்.

"ரத்தக்குழா ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்கணும்மா. வயசு, சுருட்டு, உப்பு எல்லாம் சேந்து வெறச்சுப்போச்சு. வெயில்ல கெடந்த சைக்கிள் டியூப் மறுபடி இளகுமா?"

"மருந்து இல்லீங்களா?"

"இதுக்கு இன்னும் மருந்தே வரலம்மா. உப்பை நிறுத்துங்க, சுருட்டை விடச் சொல்லுங்க. கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்."

அப்பா கண்டதெல்லாம் ரத்த அழுத்தக் கருவியில் ஏறிய பாதரசத்தைத்தான். ஊருக்கு வந்ததும் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணாடிக் குழாயில உச்சி வரைக்கும் ஏறிடுச்சுப்பா! எளவட்டப் பயலுக்கெல்லாம் பாதிகூட ஏறாது."

ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். "கவுறு மாதிரி இருக்குதுங்க! நூறு வயசு கெட்டி." நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்பா, அது ஏறக் கூடாதுப்பா" என்றால், "படிச்ச திமிரு" என்றார்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில்தான் உப்புப் போடமாட்டார்கள். அம்மா உப்பில்லாமல் ஆக்கிப் போட்ட முதல் நாளே அவர் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏண்டி, உசுரோட இருக்கும்போதே எனக்குப் படையல் போடுறியா?"

அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உப்புச் சட்டியை எடுத்தாள்.

"உப்புதாம்மா அவரைக் கொல்லுது!" என்று கத்தினேன்.

"உப்பில்லாமப் போட்டா சாவைக் கூப்புடுற மாதிரிடி. வாயை மூடு."

யாரிடம் போய் முட்டிக்கொள்வது? உப்பை விட்டிருந்தாலும் அந்தக் குழாய் இளகியிருக்காது. அது தெரிந்தும் தினமும் சண்டை போட்டேன்.

முந்திரி பொறுக்குகிற கோடையில் கொல்லையிலேயே விழுந்தார். வாய் கோணிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. நெற்றி நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் அதுவும் அடங்கியது. இப்போது என் நெற்றியிலும் அதே நரம்பு எழும்பியிருக்கிறது. தடவிப் பார்த்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய?

கருமாதியன்று வழக்கப்படி உப்பில்லாமல் சோறு வடித்து இலையில் வைத்தார்கள். பங்காளிகள் கும்பிட்டுவிட்டு வெளியே போனதும், மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துபோய் உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள்.

"அம்மா, படையல்ல உப்புப் போடக் கூடாதும்மா."

"போடி. உப்பில்லாட்டி அந்த மனுசன் எலையைத் தள்ளிட்டுப் பசியோடவே போயிடுவாரு" என்று சொல்லி, கை நிறைய அள்ளிப் போட்டாள்.