மாசிலாமணியின் இரண்டு பைகள்

ஒரு கன்னம் மழித்தாயிற்று. மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, மாசிலாமணி ரேசரைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்கட் டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவுகிறார். சுருட்டிய சீட்டு ஒன்று வெளியே வருகிறது. அதைப் படிக்காமல் மறு கன்னத்தில் பிளேடு படாது. தில்லி ஜனக்புரியில் அந்த முதல் மாடி வீட்டில் பதினோரு வருஷமாக இப்படித்தான் விடிகிறது.

சீட்டுகள் எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. மத்திய அரசின் ஏதோ ஓர் இலாகாவில் அவர் யூ.டி.சி. குமாஸ்தா. பழைய விடுப்பு விண்ணப்பங்களை நறுக்கி, முதுகுப் பக்கத்தில் பைபிள் வசனங்களை மணி மணியாக எழுதி, முந்நூற்று அறுபத்தைந்து சேர்த்தார். லீப் வருஷத்தை உத்தேசித்துக் கூடுதலாக ஒன்று. ஆபீஸ் ஃபைல் எதிலும் அவர் கையெழுத்து இத்தனை அழகாக இருந்ததில்லை.

வருகிற வசனத்தைப் பிரிப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. 'பயப்படாதே', 'உன்னைக் கைவிடுவதில்லை' என்று ஆறுதலாக வந்தால் அது அவருக்கு. மடித்துச் சட்டையின் இடது பையில், நெஞ்சோடு வைத்துக்கொள்வார். காரமாக வந்தால் அது வேறு யாருக்கோ. கால்சட்டையின் வலது பைக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் உரிய ஆளைக் கண்டுபிடித்து ஒப்படைத்துவிடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு கண்டனம்கூட அவர் பெயருக்கு வந்ததில்லை. ஆண்டவர் தன்மேல் இவ்வளவு திருப்தியாக இருப்பதை நினைத்தால் அவருக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் குடிவெறியைக் கண்டிக்கும் வசனம் வந்தது. நேரே மாடியேறி, மேல்வீட்டுக் கஸ்தூரிரங்கன் கதவைத் தட்டினார்.

"சார், உமக்கு ஒரு வசனம் வந்திருக்கு."

படித்துப் பார்த்த ஐயங்கார் திகைத்துப்போனார். "ஓய், நான் ரெண்டாவது டம்ளர் காபியே தொடறதில்லை. எனக்கு எதுக்கு இது?"

"அது எனக்குத் தெரியாது. காலையில வந்துச்சு. இப்பம் வேண்டாம்னா வச்சுக்கிடும், பின்னால ஒதவும்."

உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை முதலில் எடுத்துப்போடு என்கிற வசனத்தை மட்டும் ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார், செக்‌ஷன் ஆபீசர் உட்பட. கொடுக்கக் கொடுக்கப் புதிதாக எழுதி டப்பாவில் போட்டுவிடுவார். நன்றாகப் போகிற சரக்கு.

போன அக்டோபரில் மனைவி பொன்னம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. "ஆபரேஷன்தான். ஜல்தி கரோ, பாபுஜி" என்று அவசரப்படுத்தி, ஆஸ்பத்திரி டாக்டரம்மா நவம்பரில் ஒரு தேதி கொடுத்தார். அந்த நவம்பர்த் தேதி காலையில் டப்பாவிலிருந்து முதலில் வந்தது, 'திடன்கொள், எழுந்திரு'. அது எப்படியோ கை நழுவி உள்ளேயே விழுந்துவிட்டது. அடுத்த இரண்டும் அப்படியே நழுவின. நான்காவது சீட்டு பிடிபட்டது.

"பொன்னு, கர்த்தருக்குக் காத்திருன்னு வந்திருக்கு. கொஞ்சம் பொறுப்போம், என்ன?"

பொன்னம்மாள் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விஷயம் இதுதான்: மாசிலாமணிக்குப் பயம். ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்து உதட்டைப் பிதுக்கினால் என்ன செய்வது? பிள்ளை குட்டி இல்லாமல் இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தவள். இந்தப் பெரிய ஊரில் அவருக்கென்று வேறு யாரும் கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, வசனத்தைச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா ஜனவரியில் இரண்டாவது தேதி கொடுத்தார். கட்டி வளர்ந்துகொண்டே போகிறது, இந்தத் தடவையும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தேதியன்று காலை, ஒரு கன்னம் முடிந்து டப்பாவுக்குள் கையை விட்டால், விரலுக்குத் தகரம்தான் தட்டுப்பட்டது. திரும்பிப் பார்த்தார். கட்டில் முழுக்கச் சீட்டுகள் பிரிந்து கிடந்தன. நடுவில் மூக்குக்கண்ணாடியோடு பொன்னம்மாள். ஒரு கை அடிவயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கை ஒரு சீட்டை நீட்டியது.

"ஒங்களுக்கு ஒரு வசனம் வந்திருக்கு."

"நீயா எடுத்த? கண்ண மூடிக்கிட்டுத்தான எடுத்த?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு எடுத்தேன். அஞ்சு மணியிலருந்து தேடுதேன்."

வாங்கிப் படித்தார். எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட. அவருடைய அழகான கையெழுத்துதான்.

"இது சீக்காளிக்குச் சொன்னதுல்லா, பொன்னு? ஒனக்குள்ளது."

"சீக்காளி எந்திரிச்சு, குளிச்சு, சேலை மாத்திட்டு இருக்கேன். ஆஸ்பத்திரியில தொணைக்கு இருக்க ஆளுக்குப் படுக்கை கெடையாதாம். கட்டிலுக்கு அடியில ஹோல்டால் கெடக்கு. எடுத்துக்கிட்டு நடங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கட்டிலில் கிடந்த முந்நூற்றுச் சொச்சம் வசனங்களையும் மாசிலாமணி ஒரு தடவை பார்த்தார். சீட்டை வழக்கம்போலக் கால்சட்டையின் வலது பையில் திணித்தார். முகத்தைக் கழுவினார். குனிந்து ஹோல்டாலை இழுத்து, ரஜாய்ப் போர்வையையும் தலையணையையும் வைத்துச் சுருட்டி, வாரை இறுக்கினார். பொன்னம்மாள் முந்தானையால் அவர் காதோரத்து நுரையைத் துடைத்துவிட்டாள்.

இருவரும் படியிறங்கும்போது பால் வாங்கிக்கொண்டு கஸ்தூரிரங்கன் ஏறி வந்தார். தோளிலிருந்த ஹோல்டாலையும் மழிக்காத ஒற்றைக் கன்னத்தையும் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன ஓய், பாதி முகம் பாக்கி இருக்கே? இன்னிக்கு வசனம் யாருக்கு?"

கேட்டபடியே, வழக்கம் தெரிந்தவராய்க் கையை நீட்டினார். மாசிலாமணி வலது பையிலிருந்து சீட்டை எடுத்தார். நீட்டிய கையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஹோல்டாலைச் சுவரோடு சாய்த்துவிட்டு, ஸ்வெட்டரைத் தூக்கி, சீட்டை மடித்துச் சட்டையின் இடது பைக்குள் வைத்துக்கொண்டார்.