மூன்று பேராகிப்போன ஆராய்ச்சியாளர்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு திருவொற்றியூரில், நிறுவனம் ஊரின் தென்கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். கணிப்பொறிக்குக் கொடுக்கும் துளையட்டைகள் அடுக்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். கடற்காற்றில் அட்டை நமுத்துவிட்டால் இயந்திரம் வாங்காது, அதனால் பெட்டியைச் சுற்றி பழைய புடவைத் துணி. தெருவில் பலர் அதைத் தையல் பெட்டி என்று நினைத்திருந்தார்கள். திருத்துவதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஆயிரக்கணக்கான பதிவுகள் கிடக்கும் ஒரு கோப்பில், முதலிலிருந்து கடைசிவரை படிக்காமல், வேண்டிய ஒருவரின் பதிவை மட்டும் சட்டென்று எடுப்பது எப்படி? இதுதான் என் ஆராய்ச்சி. தரவுத்தளம் என்ற சொல்லை அப்போது நான் கேட்டதேயில்லை. கட்டுரைகள் சில வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்திருந்தன.

மேல் பதவி ஒன்று காலியானது. நேர்காணலில் குழுத் தலைவர் என் கட்டுரைகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"எழுதியிருக்கீங்க, சரி. மத்தவங்க யாராவது அவங்க கட்டுரையிலே உங்களை மேற்கோள் காட்டியிருக்காங்களா?"

"தெரியல சார். பார்த்ததில்லை."

"பார்த்துட்டு வாங்க. ஒரு மாசம் டைம் தர்றேன்."

யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று வருஷாவருஷம் தொகுத்துப் போடும் தடித்த புத்தகங்கள் நகரத்து நூலகம் ஒன்றில் இருந்தன. நாலு சனிக்கிழமை அங்கே போனேன். எழுத்து அவ்வளவு பொடி. ஒரு பக்கம் முடிவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். என் பெயருக்கு நேரே இரண்டே இரண்டு பேர் இருந்தார்கள். பத்து வருஷ உழைப்புக்கு இரண்டு பேர்.

மூன்றாவது சனிக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன் எழுதியவற்றில் அப்பாவின் இனிஷியல் போட்டிருந்தேன். புத்தகத்தில் அது வேறொரு பெண். கல்யாணத்துக்குப் பின் கணவரின் இனிஷியல். அந்த இரண்டு பேர் அதற்குக் கீழே. ஒரு பத்திரிகையின் ஆசிரியர் இனிஷியலின் விரிவு என்ன என்று கேட்டு எழுதியிருந்தார். கணவரின் பெயரை முழுதாக எழுதி அனுப்பியிருந்தேன். அவர்கள் அதையே குடும்பப் பெயராக்கி, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அப்பாவின் இனிஷியல் போட்ட பெயருக்குக் கீழே நாலு பேர். கணவர் பெயரில் ஒன்பது பேர். அதில் ஒரு கட்டுரையைத் தேடியெடுத்துப் படித்தால், என் முறையைப் பாராட்டி, என்னைக் குறிக்கும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஆண்பாலாக எழுதியிருந்தார்கள்.

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் தெருக்காரர், நானே விரும்பிக் கட்டிக்கொண்டவர். சோறு போடும்போது சொன்னேன்.

"இன்னாது? ஒம்போது பேரு என் பேரச் சொல்லிக்கினு கீறாங்களா? நா பத்தாவதே தாண்டலம்மே!"

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தானே மோர் ஊற்றிக்கொண்டார்.

மூவரும் ஒருத்திதான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ராயபுரத்தில் எங்கள் கல்யாணம் நடந்த மாதா கோயிலுக்குப் போனேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இந்தப் பேரே இல்லியேம்மா. உனக்கு இங்கதான் கண்ணாலம் ஆச்சா?"

"நீங்கதானே அன்னிக்கு மணி அடிச்சீங்க."

கடைசியில் கணவர் பெயரை வைத்துக் கண்டுபிடித்தார். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புனிதையின் பெயர். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்தது அதுதான்; வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பள்ளிக்கூடத்திலும் கொடுத்ததில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. சான்றிதழில் அதைத்தான் எழுத முடியும் என்றார் அவர்.

அந்தச் சான்றிதழையும் என் கைப்பட எழுதிய மேற்கோள் பட்டியலையும் குழுத் தலைவர் மேஜையில் வைத்தேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"இதுல நாலாவதா ஒரு அம்மா இருக்காங்களே?"

"அதுவும் நான்தான் சார்."

"நான் நம்புறேம்மா. ஆனா ஃபைல்ல என்னன்னு எழுதறது?"

நல்ல மனிதர்தான். கேலியாகக் கேட்கவில்லை.

பதவி வேறொருவருக்குப் போனது. எங்கள் இயந்திரம் அவருக்குப் புதிது. சொல்லிக் கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது, சொல்லிக் கொடுத்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே மாதிரி இன்னொரு இடம் காலியானது. இந்த முறை மேற்கோளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சீனியாரிட்டிப்படி எனக்குக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை உத்தரவை வாங்கிக்கொண்டு மதியம் வீடு திரும்பினேன். குழாயில் தண்ணீர் வராமல் மூன்று நாள் ஆகியிருந்தது. தெருமுனை அடிபம்பில் அவர் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்.

"கெட்ச்சுதா?"

"கெடைச்சுது."

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உத்தரவை வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"போய்ப் படும்மே. தண்ணி நா பாத்துக்கறேன்."

போய்ப் படுத்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.