கிளைவ் தேடிய ஈரம்

கிளைவ் டிரஸ்காட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு பகைதான் இருந்தது. ஈரம். எக்ஸிடரில் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கொடுத்தவருக்கு அந்தப் பகை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நனைந்த காலுறை, நனைந்த பை, நனைந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு முறைக்கிற சனங்கள் என்று அவர் காலம் போயிற்று. ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டி. மோட்டார்ஹோம்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல் அதற்கு டோரிஸ் என்று பெயரும் வைத்தார்.

சுவர் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் பலகை உளுத்துப்போகும் என்று நாலு பேர் சொல்லக் கேட்டு மனிதர் அரண்டுவிட்டார். ஈரம் இருந்தால் சிவப்பு விளக்கு காட்டுகிற, பேனா அளவில் ஒரு கருவி வாங்கி, அடிக்கடி சுவர் சுவராக வைத்துப் பார்ப்பார். பச்சை விளக்கு எரிந்தால்தான் சாப்பாடு இறங்கும். அதுவும் போதாமல், வருஷா வருஷம் பிப்ரவரியில் இருநூற்றைம்பது பவுண்டு கொடுத்து வண்டியின் வீட்டுப் பகுதிக்குச் சர்வீஸ். கேஸ், தண்ணீர்க் குழாய், சுவர் ஈரம் எல்லாம் பார்த்து முத்திரை குத்தித் தருவார்கள். "உள்ள ஒரு சொட்டு ஈரம் கிடையாது" என்று வண்டிகள் தங்கும் முகாமில் பக்கத்து வண்டிக்காரர்களிடம் பீற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தச் சர்வீஸ்காரர்கள் சக்கரத்தின் பக்கமே திரும்புவதில்லை. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேறு பட்டறை, வேறு செலவு. அங்கே ஒருமுறை சொல்லத்தான் செய்தார்கள்.

"பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்திரணும் சார். எழுபது பவுண்டு ஆகும்."

கிளைவ் சிரித்தார். "பாதி வருஷம் வாசல்லதாங்க தூங்குது. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில் மாத்தறது?"

வீட்டில் மனைவி ஏவிஸ் கேட்டபோது, "எல்லாம் பாத்தாச்சு" என்றார். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இந்த மே மாதம் எக்ஸ்மூர் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கினார்கள். காலையிலிருந்து மழை. செங்குத்தான சாலை. பின்னால் கார்கள் வரிசை கட்டின. அவசரக்காரர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவது மோட்டார்ஹோம்காரர்களின் மரியாதை. கிளைவ் அதில் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதைக்காரர். நிறுத்தினார், கை காட்டினார், கிளம்பினார், மறுபடி நிறுத்தினார். பிரேக்கை விட்டுக் கால் எடுக்கவே இல்லை.

"என்ன கிளைவ், தீய்ஞ்ச நாத்தம்?"

"முன்னாடி போற லாரி."

முன்னால் லாரியே இல்லை. அவருக்கும் அது தெரியும்.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தார். பஞ்சை மிதித்ததுபோல் பெடல் அடிவரை போய்விட்டது. இன்னொரு தரம் மிதித்தார். வண்டி வேகம் பிடித்தது.

"நிறுத்து, கிளைவ்!"

"நிக்கல ஏவிஸ். நிக்கவே மாட்டேங்குது!"

கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. கைப் பிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் கிறீச்சிட்டதே தவிர வேகம் போதுமான அளவு குறையவில்லை. கீழே ஒரு திருப்பம், கருங்கல் சுவர், அதற்கப்பால் ஊர்க் கூரைகள். இடதுபக்கம், பிரேக் விட்டுப்போன வண்டிகள் புகுந்து நிற்பதற்கென்றே போட்ட சரளைப் பாதை தெரிந்தது. அந்த நேரத்தில் மனிதருக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. சரளை குத்தி அடிப்பலகை கிழியும், அது வழியாகத் தண்ணீர் ஏறும் என்று தோன்றியது.

"அந்தச் சரளைக்குள்ள விடு!"

"அடிப்பலக கிழிஞ்சிரும்..."

"கிழிஞ்சா கிழியட்டும், மனுஷா! எனக்கு உசுரு வேணும்!"

ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரங்கள் சரளையை வாரி இறைத்தன. தட்டுகள் நொறுங்கின, கெட்டில் பறந்து வந்து கண்ணாடியில் மோதியது. முன்சக்கரம் புதைந்து, டோரிஸ் ஒருவழியாக நின்றது. ஏவிஸின் கை அவர் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது. இரண்டு பேருக்கும் காயமில்லை.

இழுவை வண்டியோடு வந்த மெக்கானிக் ஜாகோ முதலில் பிரேக் பெடலை அமுக்கிப் பார்த்தார். "இப்ப கெட்டியா இருக்கு பாருங்க. சூடு ஆறிருச்சு." பிறகு பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் பேனா மாதிரி ஒன்றை நுழைத்தார். அதன் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பை எந்தச் சுவரிலும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் கிளைவ் ஆறு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"அது என்ன பாக்குது?" என்றார்.

"ஈரம் சார். சும்மா நின்னாலும் இந்த ஆயில் காத்துலேந்து ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். இறக்கத்துல சூடேறினா தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். ஆவிய மிதிச்சா பிரேக் பிடிக்குமா? எப்ப மாத்தினீங்க?"

"வருஷா வருஷம் சர்வீஸ் பண்றோமே!" என்றாள் ஏவிஸ்.

"அது வீட்டுக்கும்மா. சக்கரத்துக்கு?"

ஏவிஸ் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னியே." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"எழுபது பவுண்டுன்னாங்க" என்றார் கிளைவ். ஓரத்துப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். புல் மழையில் ஊறிக் கிடந்தது.

ஏவிஸ் கையை நீட்டினாள். "எந்திரி கிளைவ். எல்லாம் நனையுது பாரு."

"எது?" என்று பதறிப்போய் டோரிஸின் அடிப்பலகையைத் திரும்பிப் பார்த்தார் அவர்.