கீரைக்கடை வரைக்கும் ஒரு மோட்டார்

சர்க்கரை நோயில் என் மனைவிக்கு ஒரு கால் போன பிறகு சக்கர நாற்காலி வந்தது. தள்ளுவது என் வேலை. தெருமுனைக் கீரைக்கடைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு கட்டையும் புரட்டிப் பார்ப்பாள், கடைக்காரியிடம் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பாள். நான் பின்னால் நின்று தொண்டையைச் செருமுவேன். ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"நான் தனியா போணும்யா. நீ இல்லாம."

தள்ளித் தள்ளித் தோள் வலிக்கிறவனுக்கு இதுதான் மரியாதை. இருந்தாலும் சொன்னது மனசில் உட்கார்ந்துவிட்டது. சரி, மோட்டார் வைத்துவிடலாம் என்று இறங்கினேன். முப்பது வருஷம் மயிலாப்பூரில் மீன்பாடி வண்டி ஓட்டினவன் நான். மிதிக்கிற அந்த மூன்று சக்கர வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை நானே கட்டினேன். ஐஸ் கட்டி, பீரோ, எல்லாம் ஏற்றியிருக்கிறேன். ஒரு தடவை தி. நகர் கல்யாணத்துக்கு வாழை இலை கொண்டுபோனேன். மாப்பிள்ளை வருவதற்கு முன்பே என்னைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த ரசம் மாதிரி இன்றுவரை குடிக்கவில்லை. அதை விடுங்கள்.

ஓடாத மின்சார ஸ்கூட்டரிலிருந்து ஒரு மோட்டார் கிடைத்தது. அதை வலது சக்கரத்தில் செயின் போட்டு மாட்டினால் நாற்காலி சாக்கடைப் பக்கமே திரும்பியது. இடது சக்கரத்துக்கும் ஒன்று தேடி அலைந்தேன். பல்சக்கரம் கடைய ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். முதலில் ஓட்டை பெரிசு. அடுத்தது சின்னது. மூன்றாவது தடவை பட்டறைக்காரன் சிரித்தான்.

"இன்னா நைனா, நாற்காலிக்கு ரெண்டு மோட்டாரு? ரேஸ் வுடப்போறியா?"

பேட்டரியை முதுகுப் பக்கம் மாட்டினால் நாற்காலி மல்லாந்தது. சீட்டுக்கு அடியில் கட்டினால் செயினில் உரசியது. மாடி வீட்டுக்காரர் படி இறங்கும்போதெல்லாம் ஒரு யோசனை சொல்வார். ஸ்பானரை மட்டும் தொடமாட்டார்.

எல்லாம் முடிந்து ஒரு காலையில் அவளை உட்காரவைத்தேன். பின்னால் நின்று இரண்டு கைப்பிடியிலும் மாட்டியிருந்த ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கினேன். வீட்டு வாசலிலிருந்து விளக்குக்கம்பம் வரை குலுங்காமல் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் இடது கைப்பக்கம் பார்த்தாள். வலது கைப்பக்கம் பார்த்தாள்.

"எனக்கு ஓட்டறதுக்கு எங்கய்யா கீது?"

மீன்பாடி வண்டியில் சரக்கு முன்னால் இருக்கும், ஓட்டுகிறவன் பின்னால் இருப்பான். இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை தானாக எல்லாவற்றையும் பின்னாலேயே வைத்திருக்கிறது. நான் விளக்கம் சொல்லப்போய் இன்னும் மோசமாயிற்று.

"அப்போ நான் இன்னா, ஐஸ் கட்டியா?"

மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். இரண்டு ஆக்சிலேட்டரையும் அவள் கை வைக்கிற இடத்துக்குக் கொண்டுவர ஒயர் போதவில்லை. ஒட்டுப்போட்டேன். இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் அவள் தனியாகக் கிளம்பினாள். நடைபாதையை மறித்து எவனோ பைக்கை நிறுத்தியிருந்தான். நான் ஓடுவதற்குள் அவளே சத்தம் போட்டு எடுக்கவைத்தாள். திரும்பிப் பார்த்து, வராதே என்று எனக்குக் கையைக் காட்டினாள். வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, இன்னொரு அரைமணி ஆயிற்று. கீரைக்காக வேகவைத்த பருப்பு ஆறிப்போனது. பேட்டரி தீர்ந்ததோ, செயின் கழன்றதோ என்று தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

முகமெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தாள். மடியில் ஒன்றும் இல்லை.

"கீர எங்கமே?"

"பேசிக்கினு இருந்தேன்யா. மறந்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கீரை வாங்க நான் கிளம்பினேன்.